அளந்து சாப்பிட்டால் உடம்பில் ஒட்டுமா?

"இளைத்துவிட்டீர்களே, என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் "சாப்பிடுவதை எழுதி வைக்கிறேன்" என்று சொன்னால் அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. வேண்டியது ஒரு பொருளின் பெயர். கொள்ளுக் கஞ்சி என்றோ, சீரகத் தண்ணீர் என்றோ சொன்னால் போகிற வழியில் வாங்கிக்கொண்டு போகலாம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழியே இருக்கிறதே என்பார்கள். கொள்ளு நல்ல பயறு, மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் கொள்ளில் சுமார் 330 கலோரி இருக்கிறது. துவரம் பருப்பிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வழக்கமான சாப்பாட்டில் கை வைக்காமல் மாலையில் ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டலையும் சேர்த்துக்கொண்டால் கொழுத்தவர் இன்னும் கொஞ்சம் கொழுப்பார், அவ்வளவே.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவள். வயது 45, உயரம் 158 சென்டிமீட்டர். சாப்பாட்டுக்கும் கணக்கு எழுதத் தொடங்கியபோது எடை 74 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ 29ஐத் தாண்டியிருந்தது. இந்திய உடல்வாகுக்கு 23 முதலே அதிக எடை, 25 முதல் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. அது 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவு இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று பொருள். கூட்டத்துக்குக் குறைவில்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருக்காக நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 13.6 கோடிப் பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "எடையில் 7 சதவீதம் குறையுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் நடங்கள், பிறகு பார்ப்போம்" என்றார். போகிற போக்கில் சொன்ன எண்கள் அல்ல அவை. 2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு தன் பங்கேற்பாளர்களுக்கு வைத்த இலக்குகள் அவைதாம். அப்படி வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. என் 74 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். '30 நாளில் 10 கிலோ' என்று ஆட்டோ முதுகிலெல்லாம் விளம்பரம் ஓடுகிற ஊரில் அது கூச்சப்படும் அளவுக்குச் சிறிய எண். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

எதற்காக எழுத வேண்டும், குறைத்துச் சாப்பிட்டால் போதாதா? 1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 'நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், ஆனாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை அழைத்து, சாப்பிட்டதையும் செய்த உடலுழைப்பையும் எழுதித் தரச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், அவர்களுடைய உடல் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்க வைத்து அளந்தார்கள். சாப்பாட்டைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். உடலின் செலவில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் கடைக்காரர்கள் சில்லறைச் செலவுக்கு வவுச்சர் போடாமல் விட்டுவிட்டு, மார்ச் மாதம் கல்லாவில் பணம் எங்கே போயிற்று என்று தலையைச் சொறிவார்கள். யாரும் திருடியிருக்க மாட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த நியூயார்க்காரர்களும் எழுதித்தான் கொடுத்தார்கள். கண்ணால் மதிப்பிட்டு எழுதினால் கண் செய்கிற தவறு நோட்டிலும் ஏறிவிடும். ஆகவே கொஞ்ச காலத்துக்காவது அளந்து எழுத வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். ஐந்து கிலோ வரை, ஒவ்வொரு கிராமாகக் காட்டும்.

மாமியாருக்கு அது ஆகவில்லை. சோற்றை எடை போடுவது கண் படுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. "அளந்து சாப்பிட்டால் உடம்பில் ஒட்டுமாம்மா?" என்றார். "ஒட்டக் கூடாது என்றுதானே அத்தை அளக்கிறேன்" என்றேன். சிரித்தார். ஆனாலும் நான் தட்டைத் தராசில் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. கைப்பேசிச் செயலிகளில் 'இட்லி' என்று தேடினால் ஒன்றுக்கு மூன்று மடங்கு வித்தியாசத்தில் விடைகள் வருகின்றன. பெரும்பாலான பட்டியல்கள் பயன்படுத்துகிறவர்களே ஏற்றியவை. யார் வீட்டு இட்லி, எந்தக் குழியின் அளவு என்று யாருக்குத் தெரியும்? சாம்பார், குழம்பு, கூட்டு என்று வந்தால் இன்னும் மோசம். ஆகவே சமைத்த பண்டத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, சட்டிக்குள் போகிற பச்சைப் பொருளைக் கணக்கெடுத்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் இவற்றுக்கு நம்பத் தகுந்த எண்கள் இருக்கின்றன. ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலில் 528 உணவுப் பொருள்கள் அளந்து பதியப்பட்டுள்ளன.

அந்த நிறுவனத்தின் பிறந்த வீடு நம் குன்னூர் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அதுவே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தது. மெக்காரிசன் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு பகுதி மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் தின்ற பஞ்சாபிச் சீக்கிய எலிகள் நன்றாகக் கொழுத்தன. தீட்டிய அரிசிச் சோற்றை நம்பிய மதராசி எலிகள் கடைசியில் நோஞ்சானாக நின்றன. உணவுக் கணக்கு நம் நாட்டில் பசியை அளக்கத்தான் முதலில் பிறந்தது. அதே பட்டியலை வைத்து நான் தொப்பையைக் கணக்குப் பார்ப்பதை மெக்காரிசன் கண்டால் என்ன சொல்வாரோ.

கலோரி என்ற அளவின் அடிப்படை அதற்கும் முந்தையது. 1890களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் அடைத்த சிறிய அறை ஒன்றில் மனிதர்களை நாள்கணக்கில் தங்க வைத்து, அவர்கள் உடல் வெளிவிடும் வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றும் எல்லாப் பாக்கெட்டுகளின் முதுகிலும் இருக்கிற கணக்கு அவர் வழிவந்தது. இதில் அந்த 9 தான் நம் வீடுகளில் ஒளிந்து விளையாடுகிறது.

எண்ணெயை அளப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை ஒரு முறை செய்து பாருங்கள். எண்ணெய்ப் புட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். தராசை அணைக்காமல் புட்டியை எடுத்துப் போய் வழக்கம்போல் தோசை சுடுங்கள். முடிந்ததும் புட்டியைத் திரும்ப வையுங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியோடு ஒரு தொகை வரும். எங்கள் வீட்டில் முதல் நாள் வந்தது −54. ஒன்பது தோசை. ஆக, தோசை ஒன்றுக்கு 6 கிராம் எண்ணெய், 54 கலோரி. மூன்று தோசை சாப்பிட்டால் எண்ணெய் மட்டும் 160 கலோரிக்கு மேல். அதாவது ஒன்றரைத் தோசைக்கான மாவை எண்ணெய் வடிவில் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன். நாக்குக்கு அது தெரியவே இல்லை. கல்லை நன்றாகக் காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்த்துச் சுட்டபோது 9 தோசைக்கு 20 கிராமுக்குள் அடங்கியது. அதுவும் முறுகலாகவே வந்தது.

குழம்புக்கு இன்னொரு வழி. எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் எல்லோர் வீட்டிலும் போலப் பெயர் வெட்டியிருக்கிறது. மாமனார் பெயர், கல்யாணத் தேதி, சிலவற்றில் கொடுத்தவர் பெயரும். சாம்பார் குண்டானில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி 1120 என்று எழுதினேன். வெறும் பாத்திரத்தின் எடை அது. சாம்பார் இறக்கியதும் மொத்தத்தை நிறுத்து 1120ஐக் கழித்தால் சாம்பாரின் எடை. உள்ளே போனவை: 150 கிராம் துவரம் பருப்பு, 500 கலோரி, 20 கிராம் எண்ணெய், 180, காய், புளி எல்லாம் சேர்த்து 130 போலக் கொள்ளலாம். மொத்தம் 810, சாம்பார் ஒன்றரை கிலோ. நூறு கிராமுக்கு 54 கலோரி. ஒரு தடவை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் அந்த வீட்டுச் சாம்பாருக்கு அதுதான் எண். ஒவ்வொரு நாளும் போட வேண்டியதில்லை. பாத்திரக் கடைக்காரர்கள் பெயரோடு எடையையும் வெட்டிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் அளக்கப் போனால் பைத்தியம் பிடித்துவிடும். கீரை, சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி இவற்றை எவ்வளவு தவறாக மதிப்பிட்டாலும் பெரிய நட்டமில்லை. எங்கள் சமையலில் கண் ஏமாறும் இடங்கள் நான்குதான் என்று சில வாரங்களில் தெரிந்துபோயிற்று. எண்ணெயைச் சொல்லிவிட்டேன். அடுத்தது தேங்காய். துருவிய தேங்காய் 100 கிராமில் சுமார் 400 கலோரி. நான்கு பேருக்கான சட்னியில் அதைப் போட்டு, பொட்டுக்கடலை ஒரு பிடி, தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்றால் 600ஐத் தொடும், ஆளுக்கு 150. மூன்று இட்லியும் சேர்ந்தே 180 தான். இட்லியைக் குறைத்துக்கொண்டு சட்னியை அள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது சோறு. 100 கிராம் வேகாத அரிசி 350 கலோரி. அதையே வடித்தால் இரண்டரை, மூன்று மடங்கு எடையாகும் என்பதால் 100 கிராம் சோற்றில் சுமார் 130 தான். இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் ஒரு வேளைச் சாப்பாடே கணக்கில் காணாமல் போகும், அல்லது இரண்டாகிவிடும். நான்காவது காபி. நம் ஊர்க் கோப்பையில் 100 மில்லி பால், இரண்டு கரண்டி சர்க்கரை: நூறு கலோரி. ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6; காபி திக்காக இருக்க வேண்டும் என்று ஆரஞ்சுக்குப் போனால் இன்னும் 30 கூடும். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை தட்டு வரும். அது வந்து வைக்கப்படுவது. நாம் கேட்டு வாங்கியதுகூட இல்லை. 400 கலோரி, 40 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். இரண்டை விட்டேன், மீதி இரண்டில் சர்க்கரையை அரைக் கரண்டியாக்கினேன். வேறு எந்த ஒரு மாற்றமும் இவ்வளவு தரவில்லை.

தட்டை அளக்க விருப்பமில்லாத கூட்டுக் குடும்பங்களுக்கு ஒரு சுலபக் கணக்கும் உண்டு. எண்ணெய் டின்னைத் திறக்கும்போது அதன் மேல் தேதி எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், 8,200 கலோரி. நாங்கள் நான்கு பேர். ஐந்து லிட்டர் டின் ஒரு மாதம் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரி மாதிரித் தட்டில் எண்ணெய், நெய்க்கெல்லாம் சேர்த்து ஒதுக்கியிருப்பது 27 கிராம். டின் ஆறு வாரம் வரும்படி ஆனபோது ஆளுக்கு 27 கிராமாக இறங்கியது. யாரும் டயட்டில் இல்லை, யாரும் முணுமுணுக்கவில்லை, ஆனால் நான்கு பேருக்கும் நாளுக்கு 100 கலோரி குறைந்திருந்தது. அத்தைக்கு மிச்சமான பணம் பிடித்திருந்தது. தேதி எழுதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியார் சூத்திரம் போதும். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண்களானால் 161 கழிக்க வேண்டும். ஆண்களானால் 5 கூட்ட வேண்டும். எனக்கு 1,340 வந்தது. எதுவும் செய்யாமல் படுத்துக் கிடந்தாலே உடல் செலவழிப்பது அது. நாற்காலி வேலைக்கு அதை 1.4ஆல் பெருக்கினால் 1,880. நான் 1,500 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற பழைய கணக்கின்படி வாரத்துக்கு 350 கிராம் இறங்க வேண்டும்.

'வெறும் 350 கிராமா?' என்று கேட்ட தோழி 900 கலோரி உணவுத் திட்டம் ஒன்றைக் காட்டினாள். அவளுக்கு மின்னசோட்டா ஆய்வைச் சொன்னேன். 1944–45இல் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தலைமையில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரியில் வைத்தார்கள். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. எப்போதும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு. பேச்சும் கனவும் சாப்பாட்டைப் பற்றியே. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். போர்க்காலப் பட்டினியைப் புரிந்துகொள்ள நடந்த ஆய்வு அது. அன்று அரைப்பட்டினி என்று பெயர் வைத்த அளவைவிடக் குறைவானதை இன்று பணம் வாங்கிக்கொண்டு திட்டமாக விற்கிறார்கள். வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். கொழுப்போடு தசையும் கரையும். பொதுவாகப் பெண்கள் 1,200க்கும், ஆண்கள் 1,500க்கும் கீழே மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் போகக் கூடாது என்பார்கள். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. அதற்கு மேல் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது. சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரத்த அழுத்த மாத்திரையின் பழைய அளவும் எடை இறங்க இறங்கத் தேவைக்கு அதிகமாகிவிடலாம். கர்ப்பிணிகளுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும், சாப்பாட்டோடு ஏற்கெனவே சண்டையில் இருக்கிற மனங்களுக்கும் இந்த எண்ணிக்கை வேலை ஆகாது. என் மகள் பதின்வயதுக்காரி. அவள் தட்டு ஒரு நாளும் தராசில் ஏறியதில்லை. அவள் எதிரில் எண்களைப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

எடை பார்க்கும் இயந்திரத்தோடு வாழ்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் ஏறி நிற்பேன். எழுதிக்கொள்வேன். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஏழு நாள் சராசரிக்குத்தான் மதிப்பு. உறவினர் கல்யாணத்தில் இலைச் சாப்பாடு சாப்பிட்ட மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கும். ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் தின்றிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது முடியாது. அப்பளத்திலும் ஊறுகாயிலும் இருந்த உப்பு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உடலில் சேமிக்கப்படும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்கு நீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். மூன்று நாளில் போய்விடும். இதே காரணத்தால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரம் இரண்டு கிலோ குறைகிறது. விளம்பரக்காரர்கள் அந்த ஒரு வாரத்தை வைத்தே பிழைக்கிறார்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் எனக்கு எடை ஏறித்தான் நிற்கும். அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவேன். பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

தையல்காரர் டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கும், ஆண்களுக்கு 90க்கும் உள்ளே இருக்க வேண்டும். எடை அசையாத வாரங்களிலும் டேப் அசைவது உண்டு.

இனி உடற்பயிற்சி. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கைக்கடிகாரத்தில் '320 கலோரி எரித்துவிட்டீர்கள்' என்று வாணவேடிக்கை காட்டுகிறார்கள். செயலி உடனே அந்த 320ஐச் சாப்பாட்டு ஒதுக்கீட்டில் கூட்டிவிடுகிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். நாடித் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே சிறந்த கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம்.

நடையின் உண்மையான கணக்கு இப்படி. 74 கிலோ எடையோடு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் நடந்தால் சுமார் 195 கலோரி. அதில் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 55ஐக் கழித்தால் மிச்சம் 140. ஒரு மெதுவடை. மலைக்கோட்டை ஏறுவதையும் கணக்குப் பார்த்தேன். 83 மீட்டர் உயரம். 74 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 14 கலோரி போதும் என்கிறது இயற்பியல். தசை தான் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்பதால் உடலுக்கு ஆகும் செலவு 60க்குச் சற்றுக் குறைவு. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க மூச்சு வாங்க ஏறியதற்குக் கிடைப்பது அரை வடை. இறங்கி வந்து ஒரு முழு வடை சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம்.

அதனால் நோட்டில் இரண்டு பத்திகள் போட்டேன்: சாப்பாடு ஒன்று, உழைப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையே பற்று வரவு கிடையாது. உழைப்பின் பத்தியில் கலோரியே எழுதுவதில்லை. எத்தனை நிமிடம் நடந்தேன், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தேன் என்பதுதான். நடப்பதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணிகிறது; தூக்கம் வருகிறது; எடை இறங்கிய பிறகு அதை அங்கேயே நிறுத்த நடை உதவுகிறது. பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்கு யாரும் அஞ்ச வேண்டாம். 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்க வைத்த எண் அது. முதிய பெண்களிடம் 2019இல் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை.

தசைக்கு நடை மட்டும் போதாது. வெறும் பட்டினியால் இறங்கும் எடையில் கால் பங்கு வரை தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருக்கக்கூடும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது என்று தொடங்கினேன். இப்போது டம்பெல்ஸ் இருக்கிறது. கூடவே புரதம்: காலையில் இரண்டு முட்டை, மதியம் குழம்பில் கரண்டியை அடிவரை விட்டுப் பருப்பு, மாலையில் சுண்டல், இரவில் தயிர். நம் சாப்பாட்டில் சோறு மலையும் பருப்பு நீருமாக இருக்கிறதே, அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பசியும் அடங்குகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

70 கிலோவுக்கு அருகில் எடை நின்றுவிட்டது. சில வாரம் அசையவில்லை. எடை குறைந்தால் செலவும் குறையும் என்பதைச் சூத்திரமே சொல்கிறது. எட்டு கிலோ இறங்கினால் நாளுக்கு 110 கலோரி செலவு குறைவு, உடல் அதற்கு மேலும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். ஆகவே ஒரு கிலோவுக்கு 7,700 என்பது நேர்க்கோடாக ஓடாது. நான் சாப்பாட்டை மேலும் குறைக்கவில்லை. ஒரு வாரம் மட்டும் தராசை மறுபடி வெளியே எடுத்தேன். தாளிப்பும் கடலை மிட்டாயும் மெல்ல வளர்ந்திருந்தன.

இப்போது எடை 67க்கும் 68க்கும் இடையில் நிற்கிறது, எச்பிஏ1சி 5.6. இன்னும் குறைக்கச் சொல்லவில்லை டாக்டர். இலக்குக்கு வந்ததும் பழையபடி சாப்பிடத் தொடங்காமல், வாரத்துக்கு நூறு நூறு கலோரியாகக் கூட்டி, சராசரி ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டேன். தினமும் சாப்பாட்டை எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் எடையின் சராசரி, மாதத்துக்கு ஒரு முறை இடுப்பளவு, எண்ணெய் டின்னின் தேதி, இவ்வளவுதான் இன்று நோட்டில் ஏறுகிறது. ஐப்பசியில் டின் ஆறு வாரம் வராது. முறுக்கும் அதிரசமும் ஆகிற மாதம்; கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அத்தை.